பாலத்தடிக் காவல்

ஏரிக்காற்று ரயில் பாலத்தடிக்குள் நுழைந்துவிட்டால் அதற்கு வெளியே போகும் வழி மறந்துவிடும். தூண்களுக்கு இடையில் சுற்றிச் சுற்றி வந்து ஆட்களின் கன்னத்தில் அறையும். அதனால் வெர்னிட்டா காலையில் வந்ததும் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உப்பைத் தூவுவாள். வாளியிலிருந்து கை நிறைய அள்ளி, கோழிக்குத் தீனி போடுவதுபோல் உறைந்த நடைபாதையில் வீசுவாள். பிறகு கோட்டுக்கு மேல் அந்தப் பளீர் மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு பாலத்தின் கிழக்கு வாயில் நிற்பாள். மேற்கு வாயில் எர்னஸ்டீன் நிற்பாள். ப்ரூஸ்டர் உயர்நிலைப் பள்ளி அந்தப் பக்கம்தான் இருந்தது.

கிழக்குப் பக்கத்துப் பள்ளியை மூடிவிட்டதால் அந்தப் பிள்ளைகளும் பாலத்தைக் கடந்து ப்ரூஸ்டருக்கே போகவேண்டும் என்றாகியிருந்தது. சிகாகோவின் மேற்கில் ஒரு ரயில் பாதை என்றால் அது வெறும் ரயில் பாதை இல்லை. இந்தப் பக்கத்துப் பையன் அந்தப் பக்கம் தன் கூட்டத்து அடையாளமாகத் தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு நடந்தால் உதை விழும். முதல் குளிர்காலத்திலேயே பாலத்தடியில் ஒரு பையனைச் சுட்டார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளை அனுப்பப் பயந்தார்கள். வகுப்புகள் பாதி காலியாகக் கிடந்தன.

அப்போதுதான் பள்ளிக்கூடம் வாசலைத் திறந்து, 'எங்களால் தனியாக முடியவில்லை, வாருங்கள்' என்று ஊரைக் கூப்பிட்டது. பாஸ்டர் கெய்ன்ஸின் சபை தன் நிலவறையைக் கொடுத்தது. தெருவில் தகராறு என்றால் பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம். முடிவெட்டும் கிளைடு பாஸ்கம், ஒரு மாதம் லீவு போடாத பையனுக்கு இலவசமாக வெட்டிவிட்டார். அழுக்குத் துணியோடு வர வெட்கப்பட்டு நின்றுவிட்ட பிள்ளைகளுக்காகச் சலவைக்கடைக்காரர் புதன்கிழமைகளில் இரண்டு இயந்திரங்களை விட்டுக்கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸம்மா பள்ளியிலேயே அறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வழியில் நிற்க மட்டும் ஆள் வேண்டியிருந்தது. பிள்ளை பெற்ற பெண்கள் வந்தார்கள்.

அந்த வேலைக்கு இரண்டு சட்டம். ஒன்று, எந்தப் பிள்ளை மேலும் கை வைக்கக்கூடாது. கெஞ்சலாம், கத்தலாம், பேர் சொல்லிக் கூப்பிடலாம், குறுக்கே நிற்கலாம், தொடக்கூடாது. இரண்டாவது, ஒருத்தி கண்ணிலிருந்து போகிற பிள்ளையை அடுத்தவள் கண்ணில் போட்டுவிட்டுத்தான் விடவேண்டும்.

"நாலு பேரு. ஒருத்தன் தொப்பி போடல. அனுப்பிட்டேன்!" என்று வெர்னிட்டா கத்துவாள்.

"வாங்கிட்டேன்!" என்று பாலத்தின் மறுவாயிலிருந்து எர்னஸ்டீன் கத்துவாள்.

முன்பெல்லாம் அதோடு வேறு பேச்சும் சேர்ந்து வரும். "தொப்பி போடாதவன் தலைல வெச்சிருக்கிறது என்னடி, குருவிக்கூடா?" "அவங்க அம்மா வெட்டினதாம், கிளைடு பாத்தா அழுதுடுவாரு!" என்று இரண்டு பேரும் பாலம் அதிரச் சிரிப்பார்கள். நவம்பருக்குப் பிறகு அந்த இரண்டு சொல் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

நவம்பரில் எர்னஸ்டீனின் அக்கா மகன் டோரியன், வெர்னிட்டாவின் மூத்தவன் குவென்டினை இரும்புக் குழாயால் அடித்து இடது கண்ணைப் போக்கிவிட்டான். அன்றிரவே டோரியனை மெம்ஃபிஸில் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குவென்டின் போலீசிடம் எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டான். அம்மாவிடம் மட்டும், "சும்மா நின்னவன அடிச்சான்" என்றான். அதிலிருந்து அவன் சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுதான், வெளியே போகவில்லை. வெர்னிட்டா தினம் இரண்டு வேளை அந்தக் குழியைத் துடைத்து மருந்து வைத்தாள். துடைத்துவிட்டு வந்து, எர்னஸ்டீனின் கையில் ஊர்ப்பிள்ளைகளை ஒப்படைத்தாள். மனசுக்குள் எத்தனை முறை அந்தப் பாலத்தடியைக் கடந்துபோய் அவள் தலைமுடியைப் பிடித்துத் தூணில் மோதியிருப்பாள் என்பது வெர்னிட்டாவுக்குத்தான் தெரியும்.

அந்த வியாழக்கிழமை காலையில் அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மகள் கெசியா குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். பதினாறு வயது. முகமெல்லாம் வாசலின் களிம்பு பூசிப் பளபளவென்று இருந்தாள்.

"பரவாயில்லையே. இத்தன வருஷமா நான் துரத்தித் துரத்திப் பூசிவிட்டேன். இப்பதான் பொறுப்பு வந்திருக்கு. காது வளையம் எங்கடி?"

"கழட்டி வெச்சுட்டேம்மா. குளிர்ல இரும்பு காதக் கடிக்குது."

"அடுப்புல பீன்ஸும் கழுத்தெலும்பும் வேகுது. மத்தியானம் அண்ணனுக்குப் போன் பண்ணி, சாப்பிட்டானான்னு கேளு."

"சரிம்மா."

தலைமுடியை இறுக்கித் துணி கட்டி, மேலே கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். அதற்கும் வெர்னிட்டா சந்தோஷப்பட்டுவிட்டுத்தான் படி இறங்கினாள்.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும், இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்ததுமே வெர்னிட்டா புரிந்துகொண்டிருப்பாள். அந்தத் தெருக்களில் பெண்பிள்ளைகள் சண்டைக்குப் போகுமுன் வளையத்தைக் கழற்றுவார்கள், முடியைக் கட்டுவார்கள், எதிரியின் நகம் வழுக்கிப்போக முகத்தில் வாசலின் பூசுவார்கள். ஜூன் மாதத்தில் ஒருத்தி முகம் மின்னினால் காவல் நிற்கிற பெண்கள் எட்டி நின்றே, "ஏ கண்ணு, யாரத் தேடிப் போற?" என்று மடக்கிவிடுவார்கள். ஜனவரியில் எல்லா அம்மாக்களும் பிள்ளைகளின் முகத்தில் அதையே பூசித்தான் அனுப்புகிறார்கள். தன் மகளின் பளபளப்பைக் குளிருக்கு என்று வெர்னிட்டா எடுத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். "குட் மார்னிங் மிஸ் வெர்னிட்டா!" "ஓடாத தங்கம், வழுக்கும்!" "மிஸ் வெர்னிட்டா, இன்னிக்கு எனக்குப் பிறந்த நாள்!" "அப்படியா? போன வாரமும் அதான சொன்ன? இந்தா, மிட்டாய்." கெசியா தன் கூட்டத்தோடு வராமல் தனியாக வந்தாள். அம்மாவைப் பார்க்காமல் தாண்டிப்போனாள்.

"ஒரு ஆளு! அனுப்பிட்டேன்!" என்று வெர்னிட்டா கத்தினாள்.

"வாங்கிட்டேன்!"

பாலத்தின் முதல் விளக்கைத் தாண்டும்போது கெசியாவின் பின்கழுத்து மின்னியது. காதுக்குப் பின்னாலும் மின்னியது. குளிருக்குப் பூசுகிறவர்கள் அங்கே பூசமாட்டார்கள். நகம் எட்டுகிற இடம் அது.

வாளியைப் போட்டுவிட்டு வெர்னிட்டா ஓடினாள்.

எர்னஸ்டீனின் மகள் ரோஷெல் தினமும் பள்ளிக்குப் போகுமுன் அம்மாவுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பாள். அன்றைக்கும் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கெசியா ஒன்றும் பேசவில்லை. நேராகப் போய் அவள் சடையைப் பிடித்து இழுத்துத் தரையில் அடித்தாள். காப்பி பறந்தது. ரோஷெலின் பின்மண்டை பனிக்கட்டியில் மோதிய சத்தம் பாலத்தடியில் எதிரொலித்தது. கெசியா அவள் நெஞ்சில் முழங்காலை ஊன்றி ஏறி உட்கார்ந்தாள். ரோஷெல் அவள் முகத்தைப் பிறாண்டினாள். விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. கெசியாவின் கை கோட்டுப் பைக்குள் போனது. சனிக்கிழமைகளில் அவள் வேலைக்குப் போகிற மளிகைக்கடையில் அட்டைப்பெட்டி அறுக்கிற கத்தி, கட்டைவிரல் தள்ளினதும் வெளியே வந்தது.

"எந்தக் கண்ணு வேணும்? சொல்லு! எந்தக் கண்ணு வேணும் உனக்கு?"

எர்னஸ்டீன் கனத்த உடம்புக்காரி. ஓடிவந்தவள் வழுக்கி விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, இறங்கிக்கொண்டிருந்த கத்தியின் அலகைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கெசியா இழுத்தாள். கையுறை கிழிந்தது, உள்ளே இருந்ததும் கிழிந்தது. அப்போதும் விடவில்லை.

வெர்னிட்டா வந்த வேகத்தில் மகளின் கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கித் தூணில் வீசினாள். கெசியா எழுந்து மறுபடி பாய்ந்தாள். வெர்னிட்டா அறைந்தாள். கெசியா மறுபடி பாய்ந்தாள். வாசலினில் வழுக்கிக்கொண்டு போன கையை மடக்கி வெர்னிட்டா அவள் வயிற்றில் குத்தினாள். தான் பெற்ற பிள்ளையை அப்படி அடிப்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. கெசியா சுருண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

எர்னஸ்டீனின் கையிலிருந்து ரத்தம் உப்புச் சேற்றில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கரைந்து ஓடியது.

பள்ளிக்கூட வாசலில் காரில் உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரர் மெதுவாக நடந்து வந்தார். அதற்குள் கத்தியைக் காணவில்லை. எர்னஸ்டீன் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு இங்க?"

"வழுக்கி விழுந்தேன். கண்ணாடி பாட்டில் கிழிச்சிடுச்சு. எழுதிக்கோ."

அவர் கையுறையைப் பார்த்தார். "நேர்கோடு போட்ட மாதிரி அறுந்திருக்கே?"

"நல்ல பாட்டில்."

அவர் கெசியாவைப் பார்த்தார், ரோஷெலைப் பார்த்தார், வெர்னிட்டாவைப் பார்த்தார். மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். குளிர் வேறு. "பாத்து நடங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் காருக்குத் திரும்பிப்போனார்.

நர்ஸம்மா தையல் போட்டுக்கொண்டிருந்தபோது பாஸ்டர் கெய்ன்ஸும் கிளைடு பாஸ்கமும் வந்து சேர்ந்தார்கள். கிளைடு பாதி முடிவெட்டிய தலையை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார். தோளில் துண்டு கிடந்தது. பக்கத்து அறையில் கெசியா தனியாக இருந்தாள். ரோஷெல் பின்மண்டையில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். வெர்னிட்டா கதவோரம் நின்றாள்.

"போலீஸ்கிட்ட நான் பொய் சொன்னது உனக்காகன்னு நெனச்சுக்காத" என்றாள் எர்னஸ்டீன், ஊசி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே.

"நெனைக்கல."

"உன் பொண்ண உள்ள தள்ளினா உன் பக்கத்துப் பசங்க சும்மா இருப்பானுங்களா? நாளைக்கு இந்தத் தெருவுல நடக்கப்போறது யாரு? என் பொண்ணு. அதுக்குத்தான்."

"சிஸ்டர் எர்னஸ்டீன், ஆண்டவர் உங்களுக்கு நல்ல மனசக் குடுத்திருக்காரு" என்று பாஸ்டர் தொடங்கினார். "நாம எல்லாரும் வட்டமா உக்காந்து மனசு விட்டுப் பேசுவோம். அதுக்குன்னு பள்ளிக்கூடத்துல ஒரு அறையே இருக்கு. மெத்தை நாற்காலி எல்லாம் போட்டு..."

"நவம்பர்லயும் வட்டமா உக்காந்தோம் பாஸ்டர். டோனட் தின்னோம். எந்திரிச்சுப் போனோம். எனக்கு உக்கார்ற இடம் காய்ச்சுப்போச்சு."

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?" என்றாள் வெர்னிட்டா.

எர்னஸ்டீன் நிமிர்ந்தாள். "ஒரு அடி. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அதே இடத்துல. உன் பொண்ணு கையத் தொங்கப் போட்டுட்டு நிக்கணும். என் பொண்ணு ஒரே ஒரு அடி அடிப்பா. கையில ஒண்ணும் இருக்காது. அதோட முடிஞ்சது. அப்புறம் எவனும் எவளும் இதப்பத்திப் பேசக்கூடாது. உன் பொண்ணு திருப்பிக் கை ஓங்கினான்னு வெச்சுக்கோ, பாட்டில் இல்ல கத்தின்னு நானே போய்ச் சொல்லிடுவேன்."

"இது கிறிஸ்தவங்க பேசுற பேச்சா?" பாஸ்டரின் குரல் உயர்ந்தது. "இந்தப் பள்ளிக்கூட வாசல் பலகையில நம்ம சபை பேரு இருக்கு!"

"என் கடை பேரும்தான் இருக்கு" என்றார் கிளைடு. துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாஸ்டர், நீங்க பேசுங்க, வேண்டாங்கல. ஆனா கீழ விழுந்து அடி வாங்கின பிள்ளை அப்படியே வகுப்புக்குப் போச்சுன்னா, நாளைக்கு அவள ஒவ்வொருத்தியும் அடிப்பா. உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் இதே தெருவுல மூக்கு உடைஞ்சவர்தான?"

பாஸ்டர் தன் வளைந்த மூக்கைத் தொட்டுக்கொண்டார்.

"என் மகன் கண்ணுக்கு எவன் கையத் தொங்கப் போட்டுட்டு நிக்கப்போறான்?" வெர்னிட்டா கதவைவிட்டு முன்னால் வந்தாள். "மெம்ஃபிஸ்ல இருந்து கூட்டிட்டு வருவியா? சும்மா நின்ன பிள்ளைய..."

"சும்மா நின்னானா?" எர்னஸ்டீன் அவள் முகத்தையே பார்த்தாள். "வீட்டுக்குப் போய் உன் மகனக் கேளு. அந்தக் குழாயக் கொண்டு வந்தது யாருன்னு கேளு. இத்தன நாளா நான் வாயத் திறக்கல. உன் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கவேண்டிய வேலைங்கிறதால திறக்கல."

வீட்டுக்குப் போகும் வழியில் வெர்னிட்டா அந்த ஒரு அடியைப் பற்றி மட்டும் மகளிடம் சொன்னாள். படியேறும்போதே பீன்ஸ் வாசம் வந்தது. குவென்டின் ஜன்னலோரம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தங்கையின் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தான்.

"யாருடி அடிச்சா?"

"நான்தான் அடிச்சேன்" என்றாள் வெர்னிட்டா. "இவ, எர்னஸ்டீன் மகளோட கண்ணத் தோண்டப் போனா. அவ அம்மா கையக் குறுக்க விட்டா. கையக் கிழிச்சுட்டா உன் தங்கச்சி. உனக்காக."

"உனக்காகத்தான்டா!" கெசியா கத்தினாள். "நீ பாட்டுக்கு உக்காந்துட்ட. அம்மா பாட்டுக்கு அவகிட்டப் போய் அனுப்பிட்டேன், வாங்கிட்டேன்னு கூவிட்டு நிக்குது. இந்த வீட்ல யாருக்கும் ரத்தமே இல்லையா? இப்ப என்னடான்னா அவகிட்ட நான் போய் அடி வாங்கணுமாம். செத்தாலும் மாட்டேன். ஜெயிலுக்குப் போறேன், போலீஸ்கிட்ட சொல்லச் சொல்லு!"

வெர்னிட்டா கோட்டைக் கழற்றவில்லை. "குவென்டின். குழாய் யாருதுடா?"

அடுப்பில் மூடி தடதடத்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். இருந்த ஒரு கண்ணும் மறைந்தது.

"இங்க பாத்துச் சொல்லுடா."

"கீழ கொதிகலன் அறையில கெடந்துச்சு. நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

"எதுக்கு?"

"பொரிச்ச கோழிக் கடை வாசல்ல எல்லாரு முன்னாடியும் டோரியன் என் தொப்பியப் பிடுங்கித் தரையில போட்டு மிதிச்சான்ம்மா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் வீட்டுக்கு வந்து குழாய எடுத்துட்டுத் திரும்பப் போனேன். அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்னு தின்னுட்டு இருந்தான். முதுகுல அடிச்சேன். ரெண்டு அடி. மூணாவது அடிக்கிறப்ப பிடுங்கிட்டான்."

அடுத்து நடந்தது வெர்னிட்டாவுக்கே சரியாக நினைவில்லை. தோளில் அடித்தாள், முதுகில் அடித்தாள், ஈரத்துணியால் அடித்தாள், அது விழுந்ததும் வெறுங்கையால் அடித்தாள். "தொப்பிக்கா? ஒரு தொப்பிக்கா? தினம் ரெண்டு வேளை துடைச்சேனே, அப்பக்கூட வாய் வரலயாடா?" அவன் தலையை மட்டும் கையால் மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து வாங்கிக்கொண்டான். நாற்காலி சாய்ந்து, தட்டு உருண்டு, பீன்ஸ் தரையெல்லாம் சிதறியது. கடைசியில் அவள் கை ஓய்ந்து, அவன் தலையைத் தன் கோட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் ஆடி ஆடி அழுதாள்.

கெசியா சுவரில் சாய்ந்து அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துடைப்பத்தை எடுத்துவந்து பீன்ஸைக் கூட்டினாள். கூட்டி முடித்து, தரையைத் துடைத்து, துணியைப் பிழிந்து போட்டாள்.

"எத்தன மணிக்குப் போகணும்?" என்றாள்.

பள்ளி விடும்போது பாலத்தடியில் எப்போதையும்விடக் கூட்டம் இருந்தது. செய்தி வகுப்பு வகுப்பாகப் போயிருந்தது. பிள்ளைகள் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைத் தயாராக வைத்திருந்தார்கள்.

"இதான் நான் பயந்தது" என்றார் கிளைடு. "ஒருத்தன் படம் எடுத்துப் போட்டாப் போதும், விடியறதுக்குள்ள மெம்ஃபிஸ் பஸ்ல டோரியன் வந்து இறங்கிடுவான். கிழக்குப் பக்கத்துல நாலு பேரு அவனுக்காகக் காத்திருப்பானுங்க. இந்த ஒரு அடிய எவனும் பாக்கக்கூடாது."

காவல் நிற்கும் பெண்களை எல்லா முனைகளிலிருந்தும் அவர் வரவழைத்திருந்தார். சலவைக்கடைக்காரர் பெரிய படுக்கை விரிப்பு இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "துவைச்சதுதான், யாரும் மூக்கச் சுளிக்க வேணாம்." கடைசியாகப் பாஸ்டரும் வந்தார், கணுக்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டில்.

"நான் இதுக்குச் சம்மதிக்கல. ஆண்டவர் பாத்துட்டு இருக்காரு" என்றார்.

"அவரு பாக்கட்டும். பசங்க பாக்கக்கூடாது. கோட்ட விரிங்க பாஸ்டர், நீங்க ஒருத்தரே நாலு பேருக்குச் சமம்" என்றார் கிளைடு.

தூணைச் சுற்றி எல்லோரும் வெளிப்பக்கம் பார்த்தபடி தோளோடு தோள் நெருங்கி வட்டமாக நின்றார்கள். கோட்டுகளையும் விரிப்புகளையும் அகல விரித்தார்கள். உள்ளே ரோஷெல் நின்றாள். எர்னஸ்டீன் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றாள். கெசியா உள்ளே போனாள். வெர்னிட்டாவும் பின்னால் போனாள்.

"நீ வெளிய நில்லு" என்றாள் எர்னஸ்டீன்.

"நான் அவ அம்மா."

"அதனாலதான் சொல்றேன். காலையில சட்டத்த மீறிக் கை வெச்சவ நீ. இப்பவும் வைப்ப. போ, எல்லாரோடயும் திரும்பி நில்லு."

"ஒண்ணோட நிறுத்துவான்னு நான் எப்படி நம்புறது?"

"நான் இருக்கேன்ல?"

"நீ அவ அம்மாதான?"

"ஆமா. அவ அம்மாதான்."

வெர்னிட்டா கிளைடுக்கும் பாஸ்டருக்கும் நடுவில் போய்ப் புகுந்து, மகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிரே ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி எட்டி எட்டிக் குதித்துப் பார்த்தாள். "வீட்டுக்குப் போ கண்ணு, பஸ் போயிடும்" என்றாள் வெர்னிட்டா. தன் குரல் யாரோ பேசுவதுபோல் கேட்டது.

மேலே ஒரு ரயில் கடந்துபோனது. அது போய் ஓய்ந்ததும் முதுகுக்குப் பின்னால் எர்னஸ்டீன், "ம்" என்றாள்.

ஒரு அறை விழுந்தது. ஈரப்பலகை முறிவதுபோல் சத்தம். யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். வெர்னிட்டா கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

இரண்டாவது அறை விழுந்தது.

அது யார் கை? கெசியாவின் கையா? வாசலில் இருக்கும் போலீஸ் காரும், கைவிலங்கும், நீதிமன்றத்தில் கெசியா தலை குனிந்து நிற்பதும், அடுத்த வாரம் யாரோ ஒரு பையன் இதே இடத்தில் விழுந்து கிடப்பதும் அவள் மனதில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. திரும்பிப் பார்த்தால் வட்டம் உடையும். வட்டம் உடைந்தால் அத்தனை போனும் உள்ளே பார்க்கும். அவள் திரும்பவில்லை. பாஸ்டர் வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். ரோஷெல் எதையோ கத்தினாள், வார்த்தை புரியவில்லை. கால்கள் பனிக்கட்டியில் வழுக்கித் தேய்ந்தன.

மூன்றாவது அறை. இது முதலிரண்டையும்விடக் கனமாக விழுந்தது.

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"ஒண்ணுன்னு சொன்னேன்ல, ரோஷெல்?" என்றது எர்னஸ்டீனின் குரல். "ஒண்ணுன்னா ஒண்ணு. ரெண்டாவதுக்கு அவகிட்ட நீ கடன்பட்டுட்ட. அவ கை தூக்கல. அதனால அவளுக்காக நான் உனக்குத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"அம்மா, கட்டுப்போட்ட கையாலயா அடிச்ச?" ரோஷெல் அழுதாள். "தையல் பிரிஞ்சு போச்சு பாரு! ரத்தம் வருதும்மா!"

"வரட்டும். அந்தத் தையல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. ஏய் பொண்ணு. கெசியா. பல்லு ஆடுதா?"

"இல்ல."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் வருவியா?"

கெசியா மூக்கை உறிஞ்சினாள். "வரலாமா?"

"வராம வீட்ல உக்காந்து என்ன கிழிக்கப்போற? வா. தொலைஞ்சது." பிறகு உரக்க, "திரும்புங்கய்யா எல்லாரும்! முடிஞ்சுபோச்சு. நிக்காதீங்க, குளிர்ல விறைச்சுப் போவீங்க!" என்றாள்.

விரிப்புகள் இறங்கின. பாஸ்டர் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நர்ஸம்மாவைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் பக்கம் வேகமாக நடந்தார். பார்க்க ஒன்றும் கிடைக்காத பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ரோஷெல் கழுத்துத் துண்டை அவிழ்த்து அம்மாவின் கையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கெசியாவின் உதடு கிழிந்து தாடைவரை ரத்தம் வழிந்திருந்தது. இரண்டு கன்னமும் சிவந்து வீங்கியிருந்தன. கைகளைக் கோட்டுப் பைக்குள் அடிவரை புதைத்துக்கொண்டு நின்றாள்.

வெர்னிட்டா மட்டும் திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சிஸ்டர் வெர்னிட்டா" என்றார் கிளைடு, மெதுவாக. "என் கோட்ட விடுங்க. கழுத்து இறுகுது."

அவள் கீழே பார்த்தாள். அவர் கோட்டின் பின்பக்கத்தை அவள் வலது கை முறுக்கிப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. கழுத்தடியில் இரண்டு பொத்தான்கள் தெறித்துப் போயிருந்தன, தையலும் விட்டிருந்தது. விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை.

"வரமாட்டேங்குது கிளைடு" என்றாள் குழந்தைபோல்.

கெசியா பைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தாள். பக்கத்தில் வந்து, அம்மாவின் முஷ்டியைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து வாயால் ஊதிச் சூடேற்றினாள். பிறகு சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.